பட்டம் சூடிய பாடகரும் அவருடைய சொந்தப் பாட்டும்

(ஒரு கல்லூரி இசை மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாலை ஏழு மணிக்கு மேல் எந்த வீட்டுக் கூடத்தில் நுழைந்தாலும், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாடுவதும், எதிரே மேஜை போட்டு அமர்ந்திருக்கும் மூன்று நான்கு பிரமுகர்கள் தலையை ஆட்டுவதும், பாட்டு முடிந்த மாத்திரத்தில் காமிரா அந்தப் பிள்ளையின் தாயாரைத் தேடிப் பிடித்து அவருடைய கண்ணீரைக் காட்டுவதும் நமக்கு நித்தியக் காட்சிகளாகிவிட்டன. பரிசு அறிவிக்கும் நாளன்று தெருவே விழித்திருக்கிறது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து, கேட்பார் கூட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்ட பிற்பாடு, அந்தப் பிள்ளையின் சங்கீத வாழ்க்கை எந்த வழியாகப் போகிறது, யாருடைய கையில் போகிறது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. அதை விசாரிப்பதுதான் இன்றைய என் பேச்சின் நோக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்தேனானால், இந்தச் சபையிலேயே இரண்டு கட்சிகள் உண்டாகி, விஷயம் வோட்டுச் சண்டையில் போய் முடியும் என்பதை நான் அறிவேன். ஆகையால் நமக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாத தூர தேசத்து இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் பிலிப் பிலிப்ஸ். 'அமெரிக்கன் ஐடல்' என்னும் போட்டியில் 2012-ஆம் ஆண்டு முதற் பரிசு பெற்றவர்.

இந்தப் போட்டியின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சைமன் புல்லர் என்பவர் இங்கிலாந்தில் 'பாப் ஐடல்' என்ற பெயரில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியை ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அது அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து 'அமெரிக்கன் ஐடல்' ஆயிற்று. செப்டம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்துப் பெண் கெல்லி கிளார்க்ஸன் முதல் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். புல்லர் பாடகர் அல்லர். 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' கோஷ்டியைப் போன்ற பாடகர்களுக்குக் காரியம் பார்த்துப் பழகிய மேனேஜர். '19' என்ற எண்ணையே பெயராகக் கொண்ட அவருடைய நிறுவனம்தான் போட்டியை உண்டாக்கியது. அதன் கிளைகளே வென்றவருக்கு மேனேஜராகவும், அவருடைய இசைத்தட்டுக்கு முதலாளியாகவும், அவர் படம் அச்சிட்ட பனியன்களை விற்கும் வியாபாரியாகவும் ஆயின. இந்தச் செய்தியை மனத்தில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் அது நமக்கு வேண்டியிருக்கும்.

நம் திரைப்பாட்டு உலகில் சொல் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது. இந்த வேலைப் பிரிவினை நமக்கு அத்தனை இயல்பாகிவிட்டபடியால், தொலைக்காட்சி மேடையில் பாடும் பிள்ளையைப் பார்த்து 'இது நீ இயற்றிய பாட்டா?' என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளை திகைத்துப்போகும். ஆயினும் சொல்லும் மெட்டும் குரலும் ஒரே மனிதரிடத்தில் பிறப்பது நமக்குப் புதிய காரியமா என்றால், இல்லை. தியாகராஜரையும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரையும், நம் காலத்துக்குச் சமீபத்தில் வாழ்ந்த பாபநாசம் சிவனையும் வாக்கேயக்காரர்கள் என்று வணங்கியவர்கள்தாமே நாம்? வட அமெரிக்காவிலும் 1960-களில் பாப் டிலன், அவருக்குப் பின் ஜோனி மிட்செல், ஜேம்ஸ் டெய்லர் முதலானோர் கிதாரும் கையுமாகத் தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடும் ஒரு மரபை நிலைநாட்டினார்கள். அந்த மரபில் ஊறிய ரசிகர், ஒரு பாடகரின் சாரீரத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுவதில்லை. அவர் சொல்லும் சுகமும் துக்கமும் அவருடையனவா, இரவலா என்றும் பார்க்கிறார். இத்தகைய பாடகர் ஒருவர் தொலைக்காட்சிப் போட்டிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? போட்டியோ பழகிய பாட்டுகளின் பலத்தில் நிற்பது. ஒன்றரை நிமிஷத்துக்குள் கோடிக்கணக்கான ஜனங்களின் மனத்தைப் பிடிக்க வேண்டுமானால், அவர்கள் முன்பே அறிந்து நேசித்த பாட்டைத்தான் பாடியாக வேண்டும். இயற்றும் சக்தியை நிறுத்துப் பார்க்க அந்த மேடையில் தராசே கிடையாது.

பிலிப்ஸ் 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தார்; பக்கத்திலிருக்கும் லீஸ்பர்க் என்ற சிற்றூரில் வளர்ந்தார். குடும்பத்துக்கு ஓர் அடகுக் கடை இருந்தது; போட்டிக்குப் போகும் வரையில் அவரும் அந்தக் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். தொழிற் கல்லூரியில் இயந்திர சம்பந்தமான படிப்பு. பதினான்காம் வயதில் கிதார் கைக்கு வந்தது. அக்காளின் கணவராக வர இருந்தவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவ்விருவரோடும் சேர்ந்து ஒரு சிறு கோஷ்டியும் நடத்தினார். குருகுலம் என்றோ பாடாந்தரம் என்றோ சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டேவ் மாத்யூஸ் போன்றவர்களின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு, கிதாரின் தந்தியை மீட்டுவதோடு அதன் மரக்கூட்டையும் உள்ளங்கையால் தட்டித் தாளம் எழுப்பும் ஒரு முரட்டு வாசிப்பும், அதற்கு இசைந்த கரகரத்த குரலும் அவருக்கு வாய்த்திருந்தன.

ஸவானா நகரில் நடந்த முதல் தேர்வில் அவர் ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்றையும் மைக்கேல் ஜாக்ஸனின் பாட்டு ஒன்றையும் பாடினார். எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பாட்டுகளின் மெட்டை அவர் வளைத்த வளைப்பில், அவை அவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்போதுதான் கட்டியவை போல ஒலித்தன. பின்வந்த வாரங்களிலும் இதுவே அவர் வழி. பிறருடைய பாட்டை அப்படியே திருப்பிப் பாடுவது அவரால் ஆகாத காரியமாக இருந்தது. மெட்டை விட்டு ரொம்பவும் விலகுகிறார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. உடையலங்கார ஆலோசகராக வந்த டாமி ஹில்பிகர், உலகப் பிரசித்தி பெற்ற அந்தத் தையற் பிரபு, சாம்பல் நிறச் சட்டையை விட்டொழிக்கும்படி புத்திமதி சொன்னார். இளைஞர் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் சாம்பல் நிறத்திலேயே மேடைக்கு வந்து நின்றார். அற்ப விஷயந்தான், ஆனால் இந்த மனிதருடைய சுபாவம் முழுவதும் அந்தச் சட்டையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. போட்டிக் காலம் முழுவதும் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு வேறு. வலியோடும் வைத்தியத்தோடும் பாடினார். போட்டி முடிந்தபின் சத்திர சிகிச்சையும் செய்துகொண்டார். நால்வர் மிஞ்சிய வாரத்தில் அயர்லாந்துப் பாடகர் டேமியன் ரைஸ் இயற்றிய 'வால்கேனோ' என்ற பாட்டை அவர் பாடிய விதம் அந்த ஆண்டுப் போட்டியின் சிகரம் என்பது என் அபிப்பிராயம். அரங்கத்துக் கூச்சலையெல்லாம் அடக்கி, எதிரில் ஒரே ஒருவர் உட்கார்ந்து கேட்பதாகப் பாவித்துப் பாடும் ஆற்றல் அன்று தெரிந்தது.

2012 மே 23-ஆந் தேதி இறுதி நாள். எதிரே நின்றவர் பதினாறு வயதுச் சிறுமி ஜெஸிக்கா ஸான்செஸ். சாரீர சம்பத்தை மட்டும் அளந்தால் பிலிப்ஸைவிடப் பல படி மேலே நின்றவர். (அந்தப் பெண் 2025-இல் வேறொரு தொலைக்காட்சிப் போட்டியில் முதற் பரிசு வாங்கினார் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட்டால், அவருக்காக அன்று வோட்டுப் போட்டவர்கள் ஆறுதல் அடைவார்கள்.) பதிவான வோட்டுகள் 13 கோடியே 20 லட்சம். வென்றவர் பிலிப்ஸ் என்று அறிவித்தார்கள். வெற்றிப் பாட்டாக ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த 'ஹோம்' என்ற பாட்டை அவர் கையில் கிதாரோடு பாடத் தொடங்கினார். சற்று நேரம் பாடினார், தொண்டை அடைத்தது, முகத்தை மறைத்துக்கொண்டார், வாத்தியங்களும் பின்பாட்டுக் கோஷ்டியும் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, அவர் கிதாரைக் கழற்றிவிட்டு, மேடையை விட்டிறங்கி, கூட்டத்தில் இருந்த தம் குடும்பத்தாரிடம் போய்க் கட்டிக்கொண்டு அழுதார். வெற்றிப் பாட்டு பாடகர் இல்லாமலே முடிந்தது. அத்தனை ஒத்திகைகளாலும் அத்தனை விளக்குகளாலும் உண்டாக்க முடியாத மெய்யான ஒரு நிமிஷம், பாட்டை விட்டுவிட்டு அவர் நடந்துபோன போதுதான் அந்த மேடையில் உண்டாயிற்று.

இங்கே ஒரு சில்லறைச் செய்தி. 2008 முதல் 2012 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து, கிதார் வாசிக்கும் வெள்ளைக்கார வாலிபர்களே இந்தப் பட்டத்தைப் பெற்றார்கள்: டேவிட் குக், கிரிஸ் ஆலன், லீ டிவைஸ், ஸ்காட்டி மக்கிரீரி, பிலிப்ஸ். இதைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் கேலி செய்துவிட்டன. நான் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இவர்களில் கிரிஸ் ஆலனுடைய வெற்றிப் பாட்டு, அவருக்குத் தீர்ப்புச் சொன்ன நடுவர் ஒருவரே பங்குகொண்டு எழுதியது என்பதும், லீ டிவைஸ் பாடிய வெற்றிப் பாட்டு 'யூ டூ' கோஷ்டியின் பழைய பாட்டு என்பதும் கவனிக்கத் தக்கவை. தாமே எழுதிப் பாடும் பழக்கமுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த அன்றே பிறர் பாட்டைக் கையில் கொடுப்பது, இதுவே அங்கே நடைமுறை.

'ஹோம்' பாட்டை எழுதியவர்கள் கிரெக் ஹோல்டன், டுரூ பியர்ஸன் என்ற இருவர். ஹோல்டனும் தாமே எழுதித் தாமே பாடும் பாடகர்தாம். பிலிப்ஸ் முதலில் அந்தப் பாட்டில் அத்தனை மனம் வைக்கவில்லை, பிறகு ஒப்புக்கொண்டார். நல்ல பாட்டு அது; குறை சொல்ல மாட்டேன். அவருடைய குரலுக்கும் வாசிப்புக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. முதல் வாரத்திலேயே 2,78,000 பிரதிகள் விற்றன. இணையப் பதிவிறக்கத்தில் 'ஐடல்' வெற்றிப் பாட்டு எதுவும் அதற்குமுன் ஒரே வாரத்தில் அவ்வளவு கண்டதில்லை. அவ்வாண்டுக் கோடையில் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தை ஒளிபரப்பிய என்.பி.ஸி. நிலையம், தங்கப் பதக்கம் பெற்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக் பெண்களைக் காட்டும்போதெல்லாம் இந்தப் பாட்டை ஒலிக்கச் செய்தது. ஓய்ந்திருந்த விற்பனை மறுபடி கிளம்பியது. காலக்கிரமத்தில் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, அந்தப் போட்டியின் வெற்றிப் பாட்டுகளில் தலையாயதாக நிலைபெற்றது.

இனி நாம் கொஞ்சம் கணக்கு வழக்கில் இறங்க வேண்டியிருக்கிறது. சங்கீதக் கூட்டத்தில் கணக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் அடங்கியிருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த சாகித்தியம் ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. முதற் சொத்து எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் உரியது. இரண்டாவது வழக்கமாகக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. அதில் ஒப்பந்தப்படி ஒரு பங்கு, அதுவும் செலவெல்லாம் கழிந்த பிறகு, பாடியவருக்குக் கிடைக்கும். பிலிப்ஸ் காலத்தில் அமெரிக்கச் சட்டம் நிர்ணயித்திருந்த விகிதப்படி, ஒரு பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் சாகித்தியக்காரர் பக்கத்துக்கு 9.1 சென்ட் சேர வேண்டும். வானொலி விஷயம் இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், அதை எழுதியவருக்குப் பணம் உண்டு. 1914-இல் தொடங்கிய 'ஆஸ்காப்' போன்ற சங்கங்கள் நிலையந்தோறும் வசூலித்துப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. பாடியவருக்கு? ஒரு காசு கிடையாது. ஒலிபரப்பே அவருக்கு விளம்பரம் என்பது நிலையத்தாரின் சித்தாந்தம். ஆகவே 'ஹோம்' பாட்டு நாடெங்கும் இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், வானொலியிலிருந்து கிடைத்த வருமானம் ஹோல்டனுக்கும் பியர்ஸனுக்கும் அவர்கள் பதிப்பாளர்களுக்கும் போயிற்று; முகமும் குரலும் கொடுத்தவருக்குக் கீர்த்தி போயிற்று. இதில் ஹோல்டன் முதலியோர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எழுதியவர் பெறுவது நியாயமே. எழுதத் தெரிந்த ஒருவரைப் பாட மட்டும் வைத்தால் அவருக்கு நேரும் நஷ்டம் இன்னது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

2012 நவம்பரில் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் 'நிலவின் பக்கத்திலிருந்து பார்த்த உலகம்' என்று சொல்லலாம். விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தில் புகுந்தது. அதிலுள்ள பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் இயற்றலில் பிலிப்ஸின் கை உண்டு. ஆனால் வானொலிக்குப் போன இரண்டாவது பெரிய பாட்டு 'கான், கான், கான்' என்பது. அதை எழுதியவர்கள் தயாரிப்பாளர் கிரெக் வாட்டன்பர்க்கும் வேறிருவரும். ஆகவே ஜனங்கள் பிலிப்ஸின் பாட்டு என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்த இரண்டும் பிலிப்ஸ் எழுதியவை அல்ல. பிலிப்ஸ் எழுதியவற்றை, தொகுப்பை விலை கொடுத்து வாங்கிப் பொறுமையாகக் கேட்டவர்கள் அறிந்தார்கள். 2014 மே மாதத்தில் வந்த இரண்டாம் தொகுப்பு ஏழாம் இடத்தில் நுழைந்து விரைவில் இறங்கியது. பட்சபாதமில்லாமல் சொல்வதானால், அந்தத் தொகுப்பில் ஆரவாரம் அதிகம். கிதாரும் குரலும் தனித்து நிற்க வேண்டிய இடங்களிலெல்லாம் பறைகளும் பக்க வாத்தியங்களும் நிரம்பியிருக்கின்றன. இந்தத் தோல்விக்கு எல்லாப் பழியையும் கம்பெனியின் தலையில் சுமத்த எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் கம்பெனியின் பங்கு என்ன என்பது 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. பிலிப்ஸ் கலிபோர்னியா மாநிலத்தின் தொழில் ஆணையரிடம் ஒரு மனுக் கொடுத்தார். '19' குழுமத்தோடு தாம் செய்த ஒப்பந்தங்கள் கொடுமையானவை என்றும், மேனேஜராக இருந்து தம் நன்மையைக் காக்க வேண்டியவர்களே இசைத்தட்டு முதலாளியாகவும் போட்டி நடத்துபவர்களாகவும் இருந்தபடியால் அவர்களால் தம்மிடம் நேர்மையாக நடந்துகொள்ளவே முடியாது என்றும், அவ்வொப்பந்தங்கள் செல்லாதவை என அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டார். ஒப்பந்தம் பேசும்போது மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குடும்பத்துக் கம்பெனிகள் உட்கார்ந்திருந்தால் நடுவில் நிற்கும் பிள்ளைக்காகப் பேசுபவர் யார்? போட்டிக்குள் நுழையும்போதே, வெல்வோமா என்பதும் தெரியாத நிலையில், இருபத்தொரு வயதில், போட்ட கையெழுத்துகள் அவை. மனுவில் அடங்கிய குறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒரு விமானக் கம்பெனிக்காகச் சம்பளமில்லாமல் கச்சேரி செய்ய வைத்தார்கள் என்பது ஒன்று. தம் இரண்டாம் தொகுப்புக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பதை, ஊருக்கெல்லாம் அறிவித்த பிறகுதான் தாமே தெரிந்துகொண்டார் என்பது மற்றொன்று. சம்பளமில்லாத கச்சேரியைக்கூட ஒருவர் மறந்துவிடலாம். தாம் பெற்ற பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்ட தகப்பனின் மனநிலையை எப்படி மறப்பது? குற்றச்சாட்டுகளை '19' மறுத்தது என்பதையும் நியாயத்தை உத்தேசித்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கு கலிபோர்னியாவில் நடந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே கலைஞருக்கு வேலை தேடிக் கொடுப்பவர் அரசாங்க லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸ் இல்லாத மேனேஜர் கச்சேரி பேசிக் கொடுத்தால் ஒப்பந்தமே ஆட்டம் கண்டுவிடும். பிலிப்ஸின் மனு இந்தச் சட்டத்தின் மேல்தான் நின்றது. கலைஞர் பக்கம் பேசும் வழக்கம் அந்த மாநிலத்து நீதிஸ்தலங்களுக்குப் புதிதும் அன்று. 1944-ஆம் ஆண்டில் ஒலிவியா டி ஹேவிலண்ட் என்ற நடிகை வார்னர் சகோதரர்கள் ஸ்டூடியோவின் மேல் வழக்காடி வென்றார். கொடுத்த வேஷத்தை மறுத்த நாட்களையெல்லாம் கணக்கில் கூட்டிக் கூட்டி ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போன ஸ்டூடியோவுக்கு, ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியில் ஏழு ஆண்டுதான் என்று நீதிமன்றம் சொல்லிற்று. ஒரு நடிகையின் பிடிவாதத்தால் பின்வந்த எத்தனையோ பேருக்கு விமோசனம் கிடைத்தது. பிலிப்ஸின் வழக்கு அவ்வாறு தீர்ப்பு வரையில் போகவில்லை. 2017-இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் மனுக் கொடுத்ததற்கும் சமரசத்துக்கும் இடையில் அவருடைய புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை. ஓர் இளம் பாடகரை ஜனங்கள் மறப்பதற்கு இரண்டு வருஷம் தாராளமாகப் போதும்.

ஜெயித்தவரின் கதை இப்படி. தோற்றவர்களில் ஒருவரைப் பார்ப்போம். 2007-ஆம் ஆண்டு 'நாஷ்வில் ஸ்டார்' என்ற நாட்டுப்புற இசைப் போட்டியில், டெக்ஸாஸ் மாநிலத்து கோல்டன் என்ற குக்கிராமத்திலிருந்து வந்த கேஸி மஸ்கிரேவ்ஸ் என்ற பெண் ஏழாவது இடம் பெற்றார். ஏழாவதாக வந்தவரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? யாரும் கவலைப்படாததே அவர் பெற்ற பெரும் பரிசு. நாஷ்வில் நகரில் பாட்டு எழுதுவது ஓர் உத்தியோகம். காலையில் ஓர் அறைக்குள் இரண்டு மூன்று பேர் கிதாரோடு போய் உட்கார்ந்து, மாலையில் ஒரு பாட்டோடு வெளியே வருவார்கள். அதை வேறு யாராவது பிரபலஸ்தர் பாடுவார். மஸ்கிரேவ்ஸ் அந்த உத்தியோகத்தில் அமர்ந்து வருஷக்கணக்கில் கையைப் பழக்கினார். அவர் இருவரோடு சேர்ந்து எழுதிய 'மாமாஸ் புரோக்கன் ஹார்ட்' என்ற பாட்டை மிராண்டா லாம்பர்ட் பாடிப் புகழ் பெற்றார். அந்த லாம்பர்ட்டும் அதே போட்டியில் 2003-ஆம் ஆண்டு மூன்றாவதாக வந்தவர். 2013-இல்தான் மஸ்கிரேவ்ஸின் முதல் பெரிய தொகுப்பு வந்தது. சிற்றூர்ப் பெண்களின் வாழ்க்கையை, ஊரார் முணுமுணுப்புக்கு அஞ்சாமல், நகைச்சுவையும் வேதனையுமாக எழுதியிருந்தார். அதற்கு கிராமி விருது கிடைத்தது. 2018-இல் வெளிவந்த 'கோல்டன் அவர்' மறு ஆண்டு கிராமி விழாவில், எல்லா இசைப் பிரிவுகளுக்கும் பொதுவான ஆண்டின் சிறந்த தொகுப்பு என்ற விருதையே பெற்றது. பிலிப்ஸ் வென்ற அதே 2012-இல் 'தி வாய்ஸ்' போட்டியில் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறிய பதினேழு வயது மெலனி மார்ட்டினெஸும் தாமே எழுதிய பாட்டுகளால்தான் பின்னால் பெயர் பெற்றார். இவர்களுக்கு வோட்டுப் பலம் வாய்க்கவில்லை. ஆனால் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பழக அவகாசம் வாய்த்தது. பட்டம் சூடியவருக்கு அந்த அவகாசத்தை மட்டும் ஒருவரும் தருவதில்லை. மே மாதத்தில் வென்றார், கோடையில் ஊர் ஊராகக் கச்சேரி, நவம்பரில் தொகுப்பு. இடையில் சத்திர சிகிச்சை வேறு. இந்த ஓட்டத்தில் ஒரு நல்ல பாட்டு எழுத உட்கார எங்கே நேரம்?

2018 ஜனவரியில் பிலிப்ஸின் மூன்றாம் தொகுப்பு வந்தது. 2023-இல் 'டிரிப்ட் பேக்' என்ற நான்காவது வந்தது. பெரிய மைதானங்கள் போய், அளவான அரங்குகள் ஆயின; கிதாரின் மரம் தட்டும் சப்தம் மறுபடி காதில் விழுகிறது. விற்பனைப் பட்டியலை மட்டும் புரட்டிப் பார்க்கும் பத்திரிகைக்காரர்கள் இதை வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லீஸ்பர்க்கில் அடகுக் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்த இளைஞர் விரும்பியது என்ன? தாம் எழுதியதைத் தாம் பாடி, கேட்க வருபவர்கள் முன் வாசித்துக்கொண்டு ஜீவனம் நடத்துவது. சுற்றி வளைத்து, பதினோரு வருஷம் கழித்து, அவர் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார். 'ஹோம்' இல்லாமல் இந்த அளவான அரங்குகளும் நிரம்பியிரா என்பதையும் மறுக்க முடியாது; அந்தப் பாட்டைப் பாடாமல் எந்த ஊரிலும் அவரை மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள். இரவல் பாட்டுக்கு அவர் செலுத்தும் வட்டி அது.

இந்த மன்றத்தில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பார்க்கும் மாணவர்கள் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டிக்குப் போகாதீர்கள் என்று நான் தடுக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, போட்டி நடத்தும் கம்பெனியின் வக்கீலைத் தவிர வேறு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதிய பாட்டின் சாகித்திய உரிமை யாருக்குப் போகிறது, எத்தனை ஆண்டுகளுக்குப் போகிறது, மேனேஜரும் முதலாளியும் ஒருவரேயா என்ற மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசிகர்களாகிய மற்றவர்களிடத்தில் நான் கேட்பது இன்னும் சுலபமானது. பிலிப்ஸின் முதல் தொகுப்பில் 'ஹோம்' இரண்டாவது பாட்டாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால், முதற் பாட்டாக, அவரே எழுதிய 'மேன் ஆன் த மூன்' இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அதைத் தேடி எடுத்து, முதலிலிருந்து கேளுங்கள்.